தங்கமீன் சாவது திருஷ்டியால் அல்ல, தண்ணீரால்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பள்ளித் தேர்வுகள் முடிந்து விடுமுறை தொடங்கியதும் சென்னை கொளத்தூரின் வண்ணமீன் கடைகளில் குடும்பம் குடும்பமாகக் கூட்டம் சேர்கிறது. பிள்ளைகளின் கை முதலில் நீள்வது தங்கமீன் இருக்கும் தொட்டியை நோக்கித்தான். விலையும் அதிகமில்லையே என்று பெற்றோர் இரண்டு மூன்று மீன்களையும், ஓர் உருண்டைக் கண்ணாடிக் குடுவையையும், ஒரு பொட்டலம் தீனியையும் வாங்கிக்கொண்டு வீடு திரும்புகிறார்கள். அடுத்த சில வாரங்களில் அந்த மீன்கள் ஒவ்வொன்றாகச் செத்து மிதக்கின்றன. அழும் பிள்ளையிடம் வீட்டுப் பெரியவர்கள் சொல்லும் ஆறுதல் நம் ஊரில் ஏறக்குறைய எல்லா வீடுகளிலும் ஒன்றுதான்: "வீட்டுக்கு வர இருந்த கெடுதலை மீன் வாங்கிக்கொண்டு போய்விட்டது." மறுவாரமே அதே கடையில் வேறு மீன் வாங்கப்படுகிறது.

பெரியவர்களின் நம்பிக்கையைப் பழிப்பது என் நோக்கமன்று. பிள்ளையின் துயரத்தைத் தணிக்க அவர்களுக்கு அந்தச் சொல் உதவுகிறது என்பதை அறிவேன். ஆனால் மீன் ஏன் செத்தது என்ற கேள்வியை அந்த ஆறுதல் அங்கேயே முடித்துவைத்துவிடுகிறது. வில்லிவாக்கத்தில் பல ஆண்டுகளாகத் தங்கமீன் வளர்த்துவருபவன் என்பதால், அக்கம்பக்கத்தில் யார் வீட்டு மீன் சோர்ந்தாலும் என்னை அழைப்பது வழக்கம். அப்படிச் சென்று பார்க்கும் வீடுகளில் எல்லாம் காரணம் மூன்றில் ஒன்றாகவே இருக்கிறது. தண்ணீரில் சேர்ந்த கழிவு, கோடை வெப்பம், பொருந்தாத கூட்டு மீன் ஆகிய இவை மூன்றுமே நம்மால் தடுக்கக்கூடியவை. அதைத் தங்கள் வாசகர்களுக்கு எடுத்துச் சொல்லவே இக்கடிதம்.

முதலில், தங்கமீன் அற்பாயுள் உடையது என்ற எண்ணம் மாற வேண்டும். நாம் உண்ணும் ரோகு, கட்லா போலவே தங்கமீனும் கெண்டைக் குடும்பத்தைச் சேர்ந்தது. போதிய தண்ணீரும் முறையான கவனிப்பும் கிடைத்தால் 10 முதல் 15 ஆண்டுகள் வரை வாழ்வது அதற்கு இயல்பு. இங்கிலாந்தில் 1956ஆம் ஆண்டு ஒரு திருவிழாவில் பரிசாகப் பெறப்பட்ட 'டிஷ்' என்ற தங்கமீன் 1999ஆம் ஆண்டு வரை, அதாவது 43 ஆண்டுகள் வாழ்ந்து கின்னஸ் பதிவில் இடம்பெற்றது. வளர்ச்சியும் அப்படித்தான். கடையில் இரண்டு அங்குலத்தில் பார்க்கும் சாதாரணத் தங்கமீனும் காமெட் வகையும் ஓர் அடி வரை வளரக்கூடியவை. உடல் பருத்து வால் விரிந்த ஒராண்டா, ரியூகின், பிளாக் மூர் போன்றவை ஆறு முதல் எட்டு அங்குலம் வரை வளரும். தொட்டிக்கு ஏற்ற அளவில் மீன் வளர்ச்சியை நிறுத்திக்கொள்ளும் என்று சில கடைகளில் சொல்வதை நம்ப வேண்டாம். நெருக்கடியான நீரில் மீன் குறுகிப்போவது உண்மைதான். ஆனால் அது நோயுற்ற வளர்ச்சி. அத்தகைய மீன் நெடுநாள் வாழ்வதில்லை.

தங்கமீனை வீட்டு மீனாக வளர்த்தெடுத்தவர்கள் சீனர்கள். சாங் வம்ச அரசர்கள் ஆண்ட காலத்தில், இன்றைக்கு ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே, பொன்னிறம் தோன்றிய கெண்டைகளைப் பிரித்தெடுத்துக் குளங்களில் பேணினார்கள். பிற்காலத்தில் அவற்றை வீட்டு முற்றத்துக்குக் கொண்டுவந்தபோதும் வாய் அகன்ற பெரிய மண்தொட்டிகளிலேயே விட்டு, மேலிருந்து பார்த்து மகிழ்ந்தார்கள். இந்த 'வாய் அகன்ற' என்பதில்தான் செய்தி இருக்கிறது. நீரின் மேற்பரப்பு எவ்வளவு பரந்திருக்கிறதோ அவ்வளவு உயிர்வளி காற்றிலிருந்து நீரில் கலக்கும். வயிறு பெருத்துக் கழுத்துக் குறுகிய உருண்டைக் குடுவையை விளிம்பு வரை நிரப்பினால், காற்றைத் தொடும் பரப்பு ஒரு சாப்பாட்டுத் தட்டின் அளவுகூட இருக்காது. மீன் எந்நேரமும் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுவதைப் பசி என்று எண்ணி நாம் மேலும் தீனி போடுகிறோம். அது மூச்சுக்குத் தவிக்கிறது. இத்தாலியில் மோன்சா நகரம் 2004ஆம் ஆண்டிலும், ரோம் மாநகரம் 2005ஆம் ஆண்டிலும் வளைந்த குடுவைகளில் மீன் வளர்ப்பதைத் தடைசெய்தன. நம் கடைகளில் அவை இன்றும் முன்வரிசையில் அடுக்கி வைக்கப்பட்டிருக்கின்றன.

எவ்வளவு தண்ணீர் தேவை என்று கேட்பவர்களுக்கு நான் கூறும் கணக்கு, அனுபவமுள்ள வளர்ப்பாளர்கள் பலரும் பின்பற்றுவதுதான்: வால் விரிந்த வகைகளில் முதல் மீனுக்கு 75 லிட்டர், அதன் பிறகு ஒவ்வொரு மீனுக்கும் 40 லிட்டர். ஒரு கன அடியில் 28 லிட்டர் தண்ணீர் பிடிக்கும். ஆகவே, கடைகளில் அதிகம் விற்கும் இரண்டடிக்கு ஓரடிக்கு ஓரடித் தொட்டியில் 56 லிட்டர்தான் கொள்ளும். ஒற்றைத் தங்கமீனுக்கே அது போதாது. மூன்றடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம் உள்ள தொட்டியில் ஏறத்தாழ 190 லிட்டர் பிடிக்கும். அதில் மூன்று மீன்களைத் தாராளமாக வளர்க்கலாம். வாஸ்து என்ற பெயரில் எட்டுப் பொன்னிற மீன்களையும் ஒரு கறுப்பு மீனையும் சேர்த்து இரண்டடித் தொட்டியோடு ஒரே விலையில் தருகிறார்களே, அந்த ஒன்பது மீன்களுக்கு மேற்சொன்ன கணக்குப்படி ஏறத்தாழ 400 லிட்டர் வேண்டும். ஐந்தடி நீளமும் இரண்டடி அகலமும் ஒன்றரை அடி உயரமும் உள்ள தொட்டியில்தான் அவ்வளவு தண்ணீர் நிற்கும். அதற்கு வசதி இல்லாதவர்கள் எண்ணிக்கையைக் குறைத்துக்கொள்வதே அந்த உயிர்களுக்குச் செய்யும் நன்மை.

இவ்வளவு தண்ணீர் எதற்கு என்றால், தங்கமீன் அதிகம் தின்று அதிகம் கழிக்கும் மீன் என்பதே காரணம். உண்ட புரதத்தின் கழிவை அது பெரும்பாலும் செவுள் வழியாக அம்மோனியாவாக வெளியேற்றுகிறது. மிஞ்சிய தீனியும் சாணமும் அழுகும்போதும் அதே அம்மோனியாதான் உண்டாகிறது. அம்மோனியாவுக்கு நிறமில்லை, மீன் சாகும் அளவுக்கு அது சேர்ந்த நீரும் பார்வைக்குப் பன்னீர் போலத் தெளிவாக இருக்கும். ஆகவேதான் "தண்ணீர் சுத்தமாகத்தானே இருக்கிறது" என்று வீட்டார் திகைக்கிறார்கள். இயற்கை இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறது. ஒருவகை நுண்ணுயிர்கள் அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றுகின்றன. இன்னொரு வகை அந்த நைட்ரைட்டை, அவ்வளவாகக் கேடு செய்யாத நைட்ரேட்டாக மாற்றுகின்றன. இடையில் வரும் நைட்ரைட்டும் நஞ்சுதான். அது மீனின் இரத்தத்தில் கலந்து உயிர்வளியைச் சுமக்கும் திறனைக் கெடுத்து, செவுளைப் பழுப்பு நிறமாக்கிவிடும். இந்த நுண்ணுயிர்கள் ஃபில்டரின் பஞ்சிலும் கற்களிலும் ஒட்டிக்கொண்டு பெருகுவதற்குப் பொதுவாக நான்கு முதல் ஆறு வாரங்கள் பிடிக்கும்.

புதுத் தொட்டியில் முதல் நாளே மீன்களை விட்டால் என்ன நடக்கும் என்பது இதிலிருந்தே விளங்கும். கழிவு முதல் நாளிலிருந்து சேர்கிறது. அதைச் சிதைக்க வேண்டிய நுண்ணுயிர் இன்னும் வரவில்லை. தொட்டி விற்ற ஆளே வீட்டுக்கு வந்து, கல் பரப்பி, தண்ணீர் நிரப்பி, மோட்டாரை ஓடவிட்டு, அந்த மணி நேரத்திலேயே மீன் பையை அவிழ்த்துவிடுவது நம் ஊர் வழக்கம். முதல் வாரம் மீன் துள்ளித் திரியும். பிறகு துடுப்புகளை உடலோடு ஒடுக்கிக்கொண்டு மூலையில் நிற்கும். செவுள் சிவக்கும், துடுப்பின் ஓரங்களில் கருமை படரும், ஒரு காலையில் பக்கவாட்டில் சாய்ந்து கிடக்கும். அம்மோனியா சோதனைத் திரவம் வண்ணமீன் கடைகளிலேயே கிடைக்கிறது. சிறு குழாயில் தொட்டித் தண்ணீரை எடுத்துச் சொட்டு மருந்தை விட்டுச் சில நிமிடம் பொறுத்தால், நல்ல நீர் மஞ்சளாகவே இருக்கும். அம்மோனியா ஏற ஏற நிறம் பச்சைக்கு மாறும். சோர்ந்த மீனைப் பார்க்க அழைக்கப்பட்ட வீடுகளில் அந்தக் குழாய் கரும்பச்சையாக மாறியதைக் கண்டபின், திருஷ்டி பற்றிய பேச்சு தானாகவே நின்றுவிடுவதைப் பார்த்திருக்கிறேன்.

ஆகவே தொட்டியை முதலில் அமைத்து, ஃபில்டரை ஓடவிட்டு, நாளும் ஒரு சிட்டிகைத் தீனியை மட்டும் நீரில் போட்டு, அம்மோனியாவும் நைட்ரைட்டும் ஏறிப் பிறகு முற்றிலும் இறங்கியதைச் சோதித்த பின்னரே மீன் வாங்க வேண்டும். மீன் நலமாக இருக்கும் நண்பர் வீட்டுத் தொட்டியிலிருந்து பழைய ஃபில்டர் பஞ்சு ஒன்றை வாங்கிவந்து நம் தொட்டியில் போட்டால் இந்தக் காலம் வெகுவாகக் குறையும். மீனை ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள், நாள்தோறும் அல்லது ஒரு நாள் விட்டு ஒரு நாள் கால்பங்குத் தண்ணீரை மாற்றி, தீனியைப் பாதியாகக் குறைத்து அந்த வாரங்களைக் கடத்தலாம்.

பழகிய தொட்டிகளிலும் மீன்கள் திடீரெனச் சாவதற்கு நம் வீடுகளின் துப்புரவுப் பழக்கமே காரணமாகிறது. ஞாயிற்றுக்கிழமை மீன்களை வாளிக்கு மாற்றி, தொட்டியை முழுவதும் கவிழ்த்து, கற்களையும் ஃபில்டர் பஞ்சையும் குழாயடியில் தேய்த்துக் கழுவிப் புதுத் தண்ணீர் நிரப்புகிறோம். அழுக்கு என்று எண்ணிக் கழுவிவிடுவது, வாரக்கணக்கில் பெருகிய அதே நுண்ணுயிர்களைத்தான். வாரத்துக்கு ஒருமுறை நான்கில் ஒரு பங்கு அல்லது மூன்றில் ஒரு பங்குத் தண்ணீரை மட்டும் குழாய் போட்டு அடியிலிருந்து உறிஞ்சி எடுத்துவிட்டு, அதே அளவு புதுத் தண்ணீரை ஊற்றினால் போதும். பஞ்சை, வெளியே எடுத்த அந்தப் பழைய தண்ணீரிலேயே இரண்டு முறை பிழிந்து திரும்ப வைக்க வேண்டும். சோப்போ பினாயிலோ தொட்டியின் பக்கமே வரக்கூடாது.

எந்தத் தண்ணீர் என்பதிலும் குழப்பம் இருக்கிறது. மெட்ரோ தண்ணீரில் உள்ள குளோரின் மீனின் செவுளையும் எரிக்கும், நுண்ணுயிரையும் கொல்லும். அதை ஒரு நாள் முழுவதும் திறந்த வாளியில் ஏர் பம்ப் ஓடவிட்டு வைத்தோ, கடைகளில் கிடைக்கும் ஆன்டி குளோரின் கலந்தோ பயன்படுத்த வேண்டும். ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் உப்பாகவும் கடினமாகவும் இருக்கிறதே என்று அஞ்சி, சிலர் கேன் தண்ணீரையும் ஆர்.ஓ. தண்ணீரையும் நிரப்புகிறார்கள். உண்மையில் மிதமான கடின நீர் தங்கமீனுக்கு ஏற்றதே. தாதுக்கள் நீக்கப்பட்ட ஆர்.ஓ. நீரை மட்டுமே தொடர்ந்து ஊற்றினால், நீரின் காரத்தன்மையைத் தாங்கிப்பிடிக்கும் உப்புகள் தீர்ந்து, ஒருநாள் திடீரென்று நீர் அமிலமாகிவிடும், நுண்ணுயிர்களும் செயலிழக்கும். அதே வேளையில், கார நீரில் அம்மோனியாவின் நஞ்சு பன்மடங்கு ஏறும் என்பதையும் மறக்கக்கூடாது. 25 டிகிரி வெப்பத்தில், நீரின் அமில, காரத் தன்மையைக் காட்டும் பி.எச். அளவு 7ஆக இருக்கும் நீரில், மொத்த அம்மோனியாவில் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவாகவே கொடிய வடிவில் இருக்கும், பி.எச். 8 ஆனால் அது நூற்றில் ஐந்து பங்குக்கு மேல் போய்விடும். நம் ஆழ்துளைக் கிணறுகள் பலவற்றின் நீர் காரப் பக்கம் இருப்பதால், கழிவு சேரவிடாமல் பார்த்துக்கொள்வது நமக்கு இன்னும் முக்கியமாகிறது.

அடுத்தது வெப்பம். தங்கமீன் குளிர்ந்த நீருக்குரியது. 18 முதல் 24 டிகிரி வரை அதற்கு உகந்தது. சென்னையைச் சுற்றியுள்ள பண்ணைகளில் பிறந்து வளர்ந்தவை 30 டிகிரியையும் தாங்கிக்கொள்கின்றன என்பது உண்மை. ஆனால் தாங்குவது வேறு, நலமாக வாழ்வது வேறு. 20 டிகிரியில் ஒரு லிட்டர் நீரில் ஏறத்தாழ 9 மில்லிகிராம் உயிர்வளி கரைந்திருக்க முடியும். 30 டிகிரியில் அது ஏறத்தாழ 7.5 மில்லிகிராமாகக் குறைகிறது. அதே வெப்பத்தில் மீனின் உடல் வேகமாக இயங்கி, உயிர்வளியை முன்னிலும் அதிகமாகக் கேட்கிறது. சித்திரை, வைகாசி மாதங்களில் தொட்டியின் மூடியைத் திறந்து வலை போட்டு, ஒரு சிறு மின்விசிறியை நீர்ப்பரப்பின் மீது வீசவிட்டால் இரண்டு மூன்று டிகிரி குறையும். ஜன்னல் வெயில் விழும் இடத்திலும் டிவியின் மேலும் தொட்டியை வைக்கக்கூடாது. ஐஸ் கட்டியை அப்படியே கொட்டுவது ஆபத்து; நீரை உறையவைத்த பாட்டிலை மூடியோடு மிதக்கவிட்டு மெதுவாகக் குளிரவைக்கலாம். மின்தடை நேரத்துக்கென்று பேட்டரியில் ஓடும் ஏர் பம்ப் ஒன்றை வாங்கிவைப்பதற்கு, செத்த மீன்களுக்கு மாற்று வாங்கும் பணமே போதும்.

இனி, என் மனத்தை அதிகம் வருத்தும் செய்திக்கு வருகிறேன். தொட்டியைத் தானே சுத்தம் செய்துவிடும் என்று சொல்லி, தங்கமீன் வாங்கும் ஒவ்வொருவர் பையிலும் 'சக்கர்' மீன் ஒன்றைக் கடைக்காரர்கள் சேர்த்துப் போடுகிறார்கள். தென் அமெரிக்காவைச் சேர்ந்த இந்தக் கவசக் கெளுத்தி, குட்டியாக இருக்கும்போது கண்ணாடியில் படிந்த பாசியைத் தின்னும் என்பது உண்மை. வளர வளர அதற்குப் பாசி போதுவதில்லை. இரவில் தங்கமீன்கள் அசையாமல் ஓய்ந்திருக்கும்போது, அவற்றின் அகன்ற விலாவில் வாயைப் பதித்து, உடலைப் போர்த்தியிருக்கும் வழவழப்பான சளிப்படலத்தைச் சுரண்டித் தின்னத் தொடங்குகிறது. எங்கள் தெருவில் ஒரு வீட்டில், தலையில் சிவப்புக் கொண்டை உடைய வெள்ளை ஒராண்டா ஒன்று நாளுக்கு நாள் மெலிவதாகச் சொல்லி அழைத்தார்கள். பகலில் பார்த்தபோது அதன் இடது விலாவில் பத்துக் காசு அளவில் செதில்கள் உதிர்ந்து சிவந்திருந்தது; விளிம்பில் வெண்பஞ்சு போல் பூஞ்சை படர்ந்திருந்தது. இரவு விளக்கை அணைத்து வெகுநேரம் கழித்துக் கைவிளக்கை அடித்துப் பார்த்தபோது, அதே புண்ணின் மேல் சக்கர் ஒட்டிக்கொண்டிருந்தது. ஒராண்டா வாலை அசைத்து அசைத்து உதற முயன்று, இயலாமல் தரையில் அமர்ந்திருந்தது. அந்த வீட்டுப் பெண்மணி அதைக் கண்டு கண்கலங்கினார். அத்தனை நாளும் கூடவே இருந்த எதிரியை நல்ல வேலைக்காரன் என்று எண்ணியிருந்தார். சக்கரைப் பிரித்தெடுத்து, கல்லுப்புக் கலந்த தனித்தொட்டியில் விட்ட பின் ஒராண்டாவின் புண் ஆறியது.

பிரித்தெடுத்த சக்கரை என்ன செய்வது என்பது அடுத்த கேள்வி. ஏரியிலோ கோயில் குளத்திலோ விடுவது பெரும் தவறு. அப்படி விடப்பட்டவை தமிழகத்தின் ஏரி, குளங்களில் பெருகி, கரைகளில் வளைதோண்டி, நாட்டு மீன்களின் முட்டைகளையும் உணவையும் அழித்து, மீனவர்களின் வலைகளையும் தம் முள்துடுப்புகளால் கிழித்துக்கொண்டிருக்கின்றன. வாங்காமல் இருப்பதே வழி; வாங்கிவிட்டால் கடைக்கே திருப்பிக் கொடுக்க வேண்டும்.

ஏனைய கூட்டு மீன்களிலும் இதே அக்கறை தேவை. டைகர் பார்ப் கூட்டமாகச் சேர்ந்து தங்கமீனின் நீண்ட வாலைக் கடித்துக் கந்தலாக்கிவிடும். ஏஞ்சல் மீனும் டெட்ராக்களும் தென் அமெரிக்காவின் வெதுவெதுப்பான மென்னீருக்குரியவை; தங்கமீனுக்கு இதமான குளிர் அவற்றுக்கு நோயைத் தரும். சிறிய நியான் டெட்ரா, கப்பி போன்றவை தங்கமீனின் வாய்க்குள் அடங்கும் அளவில் இருப்பதால் இரவோடு இரவாகக் காணாமல்போகும். ஃபிளவர்ஹார்ன், ஆஸ்கர், பேரட் போன்றவற்றோடு விடுவது, தங்கமீனை அவற்றுக்குத் தீனியாகப் போடுவதற்குச் சமம். 'ஷார்க்' என்று சொல்லி வெள்ளி நிறத்தில் விற்கப்படும் குட்டி, சுறா அன்று. மீட்டர் நீளத்துக்கு மேலும் வளரக்கூடிய கெளுத்தி இனம். எந்த வீட்டுத் தொட்டிக்கும் அது பொருந்தாது. கோய் கெண்டையும் தங்கமீனுக்கு உறவுதான் என்றாலும், இரண்டடி வரை வளரும் அதற்குத் தோட்டத்துக் குளம் வேண்டும். தொட்டியில் விட்டால் தீனி முழுவதையும் அதுவே விழுங்கிவிடும்.

தங்கமீனுக்கு நல்ல துணை தங்கமீன்தான். அதிலும் இனம் பார்க்க வேண்டும் என்பது பலருக்குத் தெரிவதில்லை. ஒற்றை வாலும் ஒடுங்கிய உடலும் கொண்ட காமெட், ஷுபுன்கின் ஆகியவை அம்பாகப் பாய்பவை. அவற்றோடு உருண்டை உடல் ஒராண்டாவையும், முதுகுத்துடுப்பே இல்லாத ரான்சுவையும் சேர்த்துவிட்டால், தீனி நீரைத் தொட்ட நொடியிலேயே காமெட்கள் முடித்துவிடும். மற்றவை பட்டினியால் மெலியும். கண் பிதுங்கிய பிளாக் மூருக்கும், கண்ணுக்குக் கீழே நீர்ப்பை தொங்கும் பபுள் ஐக்கும், வானத்தையே பார்க்கும் செலஸ்டியலுக்கும் பார்வை குறைவு. அவற்றை அவற்றோடு மட்டுமே வளர்க்க வேண்டும். கூர்முனைக் கற்களும் பிளாஸ்டிக் செடிகளும் அந்தத் தொட்டியில் இருக்கக்கூடாது. எட்டுப் பொன்னிற மீன்களுக்கு நடுவே வாஸ்துவுக்காக விடப்படும் ஒற்றை பிளாக் மூர்தான் பல வீடுகளில் முதலில் சாகிறது. தீனி இருக்கும் இடத்தைக் கண்டு அது வந்து சேர்வதற்குள் தீனி தீர்ந்துபோவதே காரணம்.

வேறு இனம் வேண்டும் என்று விரும்புபவர்கள், நம் நாட்டு ஆறுகளுக்கே உரிய ஜீப்ரா டேனியோவைக் கூட்டமாக விடலாம். குளிர்ந்த நீரையும் தாங்கும், சுறுசுறுப்பாக ஒதுங்கிக்கொள்ளும், பெரிய மீனைத் துன்புறுத்தாது. சீனாவின் குவாங்சோ அருகே உள்ள மலை ஓடைகளில் தோன்றிய வைட் கிளவுட் மீனும் அதே இயல்புடையது. இரண்டும் முழுமையாக வளர்ந்தவையாகவும், தங்கமீன்கள் மிகப் பெரிதாகாத தொட்டியாகவும் இருக்க வேண்டும். பாசி தின்ன ஆள் வேண்டும் என்றால், கடைகளில் மஞ்சள் நிறத்தில் கிடைக்கும் பெரிய நத்தையை விடலாம். அதையும் வெளி நீர்நிலையில் விடக்கூடாது. புதிதாக எந்த உயிரை வாங்கினாலும் குறைந்தது மூன்று வாரம் தனித்தொட்டியில் வைத்துப் பார்த்த பிறகே சேர்க்க வேண்டும். வெண்புள்ளி நோயும், செதிலுக்கு அடியில் நூல்போல் தொங்கும் நங்கூரப் புழுவும் புது மீன் வழியாகவே வீட்டுக்குள் நுழைகின்றன.

உணவைப் பற்றிச் சில சொற்கள் போதும். தங்கமீனுக்கு இரைப்பை கிடையாது. தின்றது நேரே குடலுக்குப் போகிறது. ஒரே வேளையில் நிறையப் போடாமல், இரண்டு நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவில் நாளுக்கு இருவேளை கொடுத்தால் போதும். உருண்டை உடல் மீன்கள் மிதக்கும் தீனியைக் காற்றோடு சேர்த்து விழுங்கித் தலைகீழாக மிதக்கத் தொடங்கும். தீனியை ஒரு நிமிடம் நீரில் ஊறவைத்துப் போடுவதும், வாரத்தில் ஒரு நாள் தோல் நீக்கிய வெந்த பட்டாணியோ வெந்நீரில் வதக்கிய கீரையோ கொடுப்பதும் அதைத் தடுக்கும். நோய் கண்டவுடன் கடையில் கிடைக்கும் நீலமருந்தையும் மஞ்சள்மருந்தையும் கலந்து ஊற்றுவதற்கு முன், தண்ணீரைச் சோதித்து மூன்றில் ஒரு பங்கை மாற்றிப் பாருங்கள். பாதி நோய்கள் அதிலேயே தெளியும். அயோடின் சேராத கல்லுப்பு, லிட்டருக்கு ஒன்று முதல் மூன்று கிராம் வரை, சிறிது சிறிதாகக் கரைத்துச் சேர்ப்பது வெண்புள்ளிக்கும் தோல் புண்ணுக்கும் நல்ல முதலுதவி.

வண்ணமீன் தொழிலை நம்பிக் கொளத்தூரிலும், செங்குன்றம், பொன்னேரி வட்டாரச் சிற்றூர்களிலும் ஏராளமான குடும்பங்கள் வாழ்கின்றன. அவர்களின் பிழைப்பைக் கெடுக்கும் எண்ணம் எனக்குச் சிறிதும் இல்லை. வாங்கிய மீன் வாழ்ந்தால்தான் வாங்கியவர் இன்னொரு தொட்டி வைக்க ஆசைப்படுவார். செத்துக்கொண்டே இருந்தால் ஒருநாள் வெறுத்துத் தொட்டியைப் பரணில் ஏற்றிவிடுவார். ஆகவே வணிகர்களுக்கு என் வேண்டுகோள் இதுதான்: தொட்டி விற்ற அன்றே மீன் விற்காதீர்கள், உருண்டைக் குடுவையைத் தங்கமீனோடு சேர்த்துக் கொடுக்காதீர்கள், சக்கரைத் துப்புரவுக்காரன் என்று சொல்லி விற்காதீர்கள்.

பொன்னேரியில் மீன்வளக் கல்லூரி இருக்கிறது. நாகப்பட்டினத்தைத் தலைமையிடமாகக் கொண்ட மீன்வளப் பல்கலைக்கழகத்தின் கீழ் அது இயங்குகிறது. எந்த மீனுக்கு எத்தனை லிட்டர், எந்த மீனோடு எந்த மீன் கூடாது, புதுத் தொட்டியில் எத்தனை வாரம் பொறுக்க வேண்டும், வளர்க்க இயலாத மீனை எங்கே ஒப்படைக்கலாம் என்ற நான்கையும் எளிய தமிழில் ஒரே பக்கத்தில் அச்சிட்டு, ஒவ்வொரு வண்ணமீன் கடையிலும் பணம் செலுத்தும் இடத்தில் ஒட்டச் செய்வதற்கு அந்தக் கல்லூரியும் மீன்வளத் துறையும் முன்வர வேண்டும். அடுத்த கோடை விடுமுறைக்கு முன்பாக இதைச் செய்து முடிக்க, தங்கள் நாளிதழ் இக்கோரிக்கையை அவர்கள் பார்வைக்குக் கொண்டுசெல்லும்படி பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
வில்லிவாக்கம், சென்னை.